காட்டைவிட்டு மனிதரை வெளியேற்றினால் காடு பிழைக்குமா?

கேள்வி இது: மனிதன் தன்னை மையமாக வைத்து உலகைப் பார்ப்பதுதான் எல்லாச் சூழல் சீரழிவுக்கும் மூலகாரணம் என்றால், காட்டையும் விலங்கையும் காப்பாற்ற மனிதர்களை அங்கிருந்து விலக்கி வைப்பதுதானே நியாயம்? அதை எதிர்க்கிறவர்கள் சூழலைப் பற்றிப் பேசுகிறார்களா, இல்லை அரசியல் பேசுகிறார்களா?

அரசியல்தான் பேசுகிறார்கள், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. மனிதர்களை வெளியேற்று என்பதும் அரசியல்தான். 'மனித இனம் இயற்கையை அழிக்கிறது' என்று மொத்தமாகச் சொன்னால், மலையைத் தோண்டி பாக்சைட் என்ற அலுமினியத் தாது எடுக்க வருகிற நிறுவனத்தின் பங்குதாரரும் அதே மலைச்சரிவில் தினை விதைத்துக்கொண்டிருக்கிற கிழவியும் ஒரே குற்றவாளிப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். தண்டனை கொடுக்கும் நேரம் வரும்போது மட்டும் அது கிழவியின் வாசலுக்குத்தான் போகிறது. மனிதனா இயற்கையா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எங்கும் போய்ச் சேரமாட்டோம். இந்த நிலத்தைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவின் பலன் யாருக்கு, அடி யாருக்கு என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும் என்பது என் பார்வை.

முதலில் அந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே தத்துவவாதி ஆர்னே நேஸ் 1973-இல் 'ஆழமற்ற சூழலியல்', 'ஆழ்சூழலியல்' என்று இரண்டாகப் பிரித்து எழுதினார். மாசையும் வளக் குறைவையும் பணக்கார நாடுகளின் உடல்நலத்துக்காக மட்டும் கவனிப்பது முதல் வகை. மற்ற உயிர்களுக்கு நம் பயன்பாட்டைத் தாண்டி அவற்றுக்கே உரிய மதிப்பு உண்டு என்று ஏற்பது இரண்டாம் வகை. இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நேஸ் காந்தியை ஆழமாகப் படித்தவர். 1970-இல் மார்தோலா அருவியை மின்திட்டத்துக்காக வற்றவைக்கப் போனபோது, உள்ளூர் விவசாயிகளோடு சேர்ந்து மறியலில் உட்கார்ந்து போலீசாரால் தூக்கிச் செல்லப்பட்டவர். அவருடைய ஆழ்சூழலியல் மனிதர்களை வெறுத்த தத்துவம் இல்லை.

அது அமெரிக்காவுக்குப் போனபோதுதான் வேறு முகம் எடுத்தது. அங்கே 'மனிதர் கால் படாத காடு' என்ற கனவு ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. 1980-களில் 'எர்த் ஃபர்ஸ்ட்' என்ற சூழல் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் ஃபோர்மன், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு உதவி அனுப்பக் கூடாது, இயற்கையே தன் சமநிலையைத் தேடிக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மனிதரெல்லாம் ஒரே கூட்டம், அந்தக் கூட்டமே நோய் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அடுத்த படி பட்டினி கிடப்பவன் சாகட்டும் என்பதாகத்தான் இருக்கும். அமெரிக்கச் சூழல் சிந்தனையாளர் முர்ரே புக்சின் இதைத்தான் கடுமையாகத் தாக்கினார்: மனிதன் இயற்கையை ஆள நினைப்பது, மனிதன் மனிதனை ஆண்டதிலிருந்து பிறந்தது என்பது அவர் வாதம்.

1989-இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதிய கட்டுரை இந்த விவாதத்தை நம் பக்கம் திருப்பியது. அமெரிக்காவின் காட்டுப் பாதுகாப்பு முறையை அப்படியே இந்தியாவில் நட்டால், அது ஏழைகளிடமிருந்து பணக்காரர்களுக்கு வளத்தை மாற்றிக் கொடுக்கும் வேலையாகத்தான் முடியும் என்றார். அமெரிக்காவிலேயே அது அப்படித்தான் முடிந்தது. 1872-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அது ஆளில்லாத இடமாக இருக்கவில்லை. ஷோஷோன், குரோ, பானாக் என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தங்கியும் வந்த நிலம் அது. அவர்களை விலக்கி வைத்து, 1886 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தை வைத்துக் காவல் காத்த பிறகுதான் அது 'மனிதர் கால் படாத' காடாகக் காட்சி தந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது ராஜஸ்தானின் பரத்பூர் கதை.

கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சதுப்புநிலம் மனிதர் உருவாக்கியது. 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய அஜான் பந்த் என்ற கரையிலிருந்து தண்ணீர் வரும். பிறகு பரத்பூர் மகாராஜாக்கள் அதை வாத்து வேட்டைக்கான இடமாக வளர்த்தார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவும் கூட வந்தவர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்தக் கணக்கைக் கல்வெட்டாகவே அங்கே வைத்திருக்கிறார்கள். இந்த வேட்டை நடந்த காலத்திலும் அதன் பிறகும் சுற்றுக் கிராமங்களின் எருமைகள் அந்த நீரில் இறங்கி மேய்ந்துகொண்டுதான் இருந்தன.

1980-களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கூடாது என்கிறது சட்டம். எருமைகள் பறவைகளுக்கு இடைஞ்சல் என்று பறவையியலாளர்களும் சொன்னார்கள். 1982-இல் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, கிராமத்தவர் பலர் இறந்தார்கள். பறவைகளுக்காக மனிதர்கள் சுடப்பட்டார்கள் என்பதே போதுமான கொடுமை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை.

எருமை போனதும் நீருக்குள் வளரும் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் பெருகியது. திறந்த நீர்ப்பரப்பு மூடிக்கொண்டது, மீன் குறைந்தது, வாத்துகளுக்கு இறங்க இடம் இல்லாமல் போயிற்று. அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்தது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். மேய்ச்சல் இந்தியச் சூழலியலாளர்களின் பொது எதிரியாக இருந்த காலத்தில், மேய்ச்சலை நிறுத்தச் சொன்ன தரப்பில் இருந்த அந்த அமைப்பின் ஆய்வே, அந்தப் புல்லை அடக்கி வைத்திருந்தது எருமைகள்தான், அவை இல்லாமல் இந்தச் சதுப்புநிலம் நிலைக்காது என்று முடிவுக்கு வந்தது. புல்டோசர் வைத்து அள்ளிப் பார்த்தார்கள். எருமை இலவசமாகச் செய்த வேலையை இயந்திரம் காசு வாங்கிக்கொண்டும் செய்து முடிக்கவில்லை. பிறகு கிராமத்தவர்களைப் புல் அறுத்துக்கொண்டு போக அனுமதித்தார்கள். இறந்தவர்கள் இறந்தவர்கள்தான்.

இதிலிருந்து 'கிராமத்தவருக்கு எல்லாம் தெரியும், விஞ்ஞானிக்கு ஒன்றும் தெரியாது' என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். தவறைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானிகள்தான், அதை நேர்மையாக வெளியிட்டவர்களும் அவர்கள்தான். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. முடிவெடுத்த அறையில் எருமை வளர்க்கிற ஒருவர்கூட இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகப் பக்கத்தில் பிளிகிரி ரங்கன் மலை. அங்கே வாழ்கிற சோளகர் பழங்குடியினர் நம் பக்கத்துக் காட்டிலும் இருக்கிறார்கள். காய்ந்த காலத்தின் தொடக்கத்தில், சருகு குறைவாக இருக்கும்போதே, தரையோடு ஓடுகிற சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம். 'தரகு பெங்கி' என்பார்கள், சருகுத் தீ. 1974-இல் அது சரணாலயமான பிறகு தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகு, எப்போதோ அலங்காரச் செடியாகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவியது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. சிறு தீ இருந்தவரை இவை இரண்டும் கட்டுக்குள் இருந்தன என்று சோளகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து அந்தக் காட்டை அளந்து பார்த்தபோது, அவர்கள் சொல்வதை ஒதுக்கித்தள்ள முடியவில்லை. இன்று உண்ணிப் புதரில் பிடிக்கிற தீ சருகுத் தீ மாதிரி தரையோடு போவதில்லை, மரத்தின் உச்சிவரை ஏறுகிறது.

2011-இல் அதே மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு சோளகர்களின் கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமையும், அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் உரிமையும், கிடைத்தது. ஒரு புலிகள் காப்பகத்தின் உள்ளே இப்படி உரிமை கிடைத்தது இந்தியாவில் அதுவே முதல்முறை. மக்கள் இருந்தால் புலி இருக்காது என்பவர்கள் இந்த மலையின் கணக்கைப் பார்க்க வேண்டும்: 2010-இல் 35 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2014-இல் 68 ஆயின. மக்களுக்கு உரிமை கொடுத்ததால்தான் புலி பெருகியது என்று நான் சொல்லமாட்டேன், நான்கு ஆண்டில் அப்படி நிரூபிக்க முடியாது. உரிமை கொடுத்தால் புலி அழிந்துவிடும் என்ற பயம் அங்கே பொய்த்தது, அவ்வளவுதான்.

காட்டையும் மக்களையும் பிரித்து வைக்கிற இந்தப் பழக்கம் இந்தியாவில் புலிக்காகத் தொடங்கியது இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டியிருந்தது. அதற்காக 1864-இல் வனத்துறை வந்தது, 1878-இல் வனச் சட்டம் வந்தது. காடு அரசின் சொத்து, மக்களுக்கு அங்கே இருப்பது உரிமை அல்ல, அரசு பார்த்துக் கொடுக்கிற சலுகை என்று ஒரே வீச்சில் மாற்றினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அன்றைய சென்னை மாகாண வருவாய் அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. இங்குள்ள காடுகளில் கிராமங்களுக்கு உரிமை இருக்கிறது, அரசு முழு உடைமையாளர் அல்ல என்று வாதாடினார்கள். கடைசியில் 1882-இல் சென்னைக்கும் தனி வனச் சட்டம் வந்தது, காப்புக்காடுகளும் வந்தன. ஆனால் ஆங்கிலேய அதிகாரிகளுக்குள்ளேயே 'இது யார் காடு' என்ற வாக்குவாதம் நடந்திருக்கிறது.

அப்புறம் இன்னொரு வாதம் அடிக்கடி வரும்: பொதுவில் விட்டால் எல்லோரும் சுரண்டித் தின்றுவிடுவார்கள், அதனால் அரசோ தனியாரோ ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இது அமெரிக்கச் சூழலியலாளர் காரட் ஹார்டின் 1968-இல் எழுதியது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக ஓட்டிவிடுவார்கள், கடைசியில் நிலம் பாழாகும் என்று ஒரு கற்பனைப் புல்வெளியை வைத்து வாதாடினார். அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் நிஜப் புல்வெளிகளைப் போய்ப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்கள், ஸ்பெயினின் பாசனக் கால்வாய்கள், ஜப்பானின் கிராமக் காடுகள் எல்லாம் பல நூறு ஆண்டுகளாகப் பொதுவில் இருந்தும் அழியவில்லை. எல்லை தெரிந்திருந்தது, பயன்படுத்துகிறவர்களே விதியை வகுத்தார்கள், கண்காணிப்பு இருந்தது, மீறினால் முதலில் சின்னத் தண்டனை, பிறகு பெரியது. இதற்காக 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இந்த இடத்தில் நம்மவர்கள் உற்சாகமாகி, இதெல்லாம் நம் முன்னோர் செய்ததுதானே, குடிமராமத்து, உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தொடங்கிவிடுவார்கள். உண்மைதான், இருந்தன. ஆனால் கண்மாய்க் கரையில் இரவெல்லாம் காவல் கிடந்து, மடையைத் திறந்து, கடைசி வயல்வரை தண்ணீர் கொண்டுபோன நீர்க்கட்டி பெரும்பாலான ஊர்களில் தலித். அந்த ஊர்க் கூட்டத்தில் அவருக்கு வாய் கிடையாது, பல இடங்களில் அதே தண்ணீரில் இறங்க உரிமையும் கிடையாது. தூர் வாரும் வேலையும் எல்லோருக்கும் சமமாக விழவில்லை. ஊர் என்று சொன்னவுடன் அது சமத்துவமான ஊராகிவிடாது. அரசு வேண்டாம், ஊரே பார்த்துக்கொள்ளும் என்கிற சூழல் அரசியல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரை நான் அதை முழுதாக நம்பமாட்டேன்.

மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கத்தின் கதையும் பாடப் புத்தகத்தில் வருகிற இடத்தோடு முடியவில்லை. 1974-இல் இன்றைய உத்தராகண்டின் ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லாத நாளில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களை மறித்தார்கள், காடு தப்பியது. அதன் பிறகு 1980-களில் நந்தாதேவி தேசியப் பூங்கா வந்தது, அந்த மக்களின் மேய்ச்சலும் மூலிகை சேகரிப்பும் தடைபட்டன. எந்தக் காட்டைக் காப்பாற்றினார்களோ அதற்குள் போக அவர்களுக்கே அனுமதி இல்லை. ஆனால் ஊருக்குக் கீழே ரிஷிகங்கையில் நீர்மின் திட்டம் வந்தது. அங்கே வெடிவைத்துப் பாறை உடைப்பதை எதிர்த்து 2019-இல் ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று மலையிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து வந்த வெள்ளம் அந்தத் திட்டத்தை அடித்துக்கொண்டு போனது. அங்கும் கீழே தபோவனத்திலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே ஆண்டு ஜூலையில், அங்குள்ள திட்டங்களை ரத்து செய்யக் கேட்டு ரேணிக்காரர்கள் உள்ளிட்ட ஐந்து பேர் போட்ட வழக்கை உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து, ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆட்டுக்கு மூடிய கதவு அணைக்குத் திறந்திருந்தது. இதைப் பார்த்த பிறகும் 'மனிதன் எதிர் இயற்கை' என்று எப்படிப் பேசுவது?

குஹாவின் வாதத்தைச் சிலர் எடுத்துக்கொள்கிற விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத ஒரு இடமும் உண்டு. இயற்கைக்கே உரிய மதிப்பு என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் கவலை, ஏழைகளின் சூழலியம் பிழைப்பைப் பற்றியது என்று அவர் வாதத்தைச் சிலர் சுருக்கிவிடுகிறார்கள். ஒடிசாவின் நியம்கிரி அதைப் பொய்யாக்கியது. அந்த மலையின் பாக்சைட்டை வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக எடுக்கத் திட்டமிட்டார்கள். 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், அந்த மக்களின் மத, பண்பாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்த மலையில் வாழ்கிற டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் அங்கே ஓடைகளைப் பற்றியும் பேசினார்கள், தங்கள் மலைத் தெய்வமான நியம் ராஜாவைப் பற்றியும் பேசினார்கள். மலை எங்களுக்குச் சோறு போடுகிறது என்பதும் மலை எங்கள் தெய்வம் என்பதும் அவர்களுக்கு இரண்டு வாதமே இல்லை. நேஸ் சொன்னதும் குஹா சொன்னதும் அந்த மலையில் ஒரே வாயிலிருந்து வந்தன.

ஆற்றுக்கு மனிதரைப் போல் சட்ட உரிமை தருவது பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். அதிலும் யார் பேசுகிறார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நியூசிலாந்தில் வாங்கனுயி ஆறு 2017 மார்ச்சில் சட்டப்படி ஒரு நபரானது. ஆற்றின் சார்பில் பேச இருவர்: ஒருவரை அரசு நியமிக்கும், மற்றவரை அந்த ஆற்றுக்காக நூற்றாண்டுக்கு மேல் போராடிய மாவோரி மக்கள் நியமிப்பார்கள். அதே மாதம் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அதே தகுதியைக் கொடுத்து, தலைமைச் செயலர் போன்ற அதிகாரிகளைப் பெற்றோர் இடத்தில் வைத்தது. அந்த மாநில அரசே உச்சநீதிமன்றம் போய், ஆறு பல மாநிலங்களில் ஓடுகிறது, வெள்ளம் வந்தால் பாதிக்கப்பட்டவர்கள் தலைமைச் செயலர் மேல் வழக்குப் போடுவார்களா என்று கேட்டது; ஜூலையில் தடை வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் தத்துவம் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் ஆற்றுக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டம் நின்றது, மற்றதில் கோப்புகள்தான் நின்றன.

அப்படியானால் எல்லா இடத்திலும் மக்கள் இருக்கலாமா, எல்லையே வேண்டாமா? வேண்டும். புலிக்குத் தொந்தரவில்லாத இடம் தேவைப்படுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. காட்டுக்குள் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இல்லாமல், யானைக்குப் பயந்து வாழ்ந்து, வெளியே வரத் தாங்களே விரும்புகிற குடும்பங்களும் உண்டு. கர்நாடகத்தின் பத்ராவில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த இடமாற்றத்தில் பாசன நிலம் கொடுத்து, பேசி, ஒழுங்காகச் செய்தார்கள். அங்கே அது பெருமளவு நல்லபடியாக முடிந்தது. மக்களைக் கேட்டுச் செய்வதும் நள்ளிரவில் குடிசையைப் பிடுங்குவதும் ஒன்றல்ல.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2006-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவுப்படி, புலிகள் காப்பகத்திலிருந்து ஒருவரை நகர்த்துவதற்கு முன் அவருடைய வன உரிமை அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், அவர் அங்கே இருப்பதால் புலிக்கு மீளமுடியாத சேதம் என்று அறிவியல் ரீதியாகக் காட்ட வேண்டும், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று முடிவாக வேண்டும், கிராம சபை விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும். 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், மையப் பகுதிகளில் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் இன்னும் இருப்பதாகக் கணக்குக் காட்டி, இடமாற்றத்தை முன்னுரிமையாக எடுக்கச் சொன்னது. அந்தக் குடும்பங்களில் எத்தனை பேரின் உரிமை அங்கீகரிக்கப்பட்டது, எந்தக் கிராம சபை எந்தத் தேதியில் சம்மதித்தது, சேர்ந்து வாழ முடியாது என்று எந்த ஆய்வு சொன்னது என்று கேளுங்கள். இவை தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்விகள். உங்கள் மாவட்டத்தில் காப்பகம் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.